காய்ச்சாத ரத்தம்

எங்கள் மோர்வேல் ஊரில் வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒரு விருந்து நடக்கும். ரத்த தானம் செய்வோர் சங்கத்தின் விருந்து. நகராட்சி மண்டபத்தில் நீள மேசைகள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மேடையில் சங்கத்தின் பட்டுக்கொடியை நிறுத்தி, அதிகத் தடவை ரத்தம் கொடுத்தவர்களுக்குப் பதக்கம் குத்துவார்கள். பதக்கம் வாங்கியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. போர்முனையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்த மாதிரி இருக்கும். கையை நீட்டி ஒரு பை ரத்தம் கொடுத்துவிட்டு, ஹாம் என்கிற பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான் அத்தனை பேரும்.

கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் கொடுத்தோம் என்ற நினைப்பு தலைக்கேறிவிட்ட மனிதனோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது இருக்கிறதே, அது பெரிய தண்டனை. அந்தத் தண்டனையை நான் வருஷம் தவறாமல் அனுபவித்தேன். ஏனென்றால் பதக்கங்களுக்குப் பிறகு மேடையேறி நன்றி சொல்கிறவன் என் தம்பி ஃபிர்மின்.

தம்பிக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய். சின்ன இடி பட்டால்கூட உள்ளுக்குள் கசியும். அப்படிக் கசிந்து கசிந்தே வலது முழங்கால் பாதி மடங்கினபடி இறுகிப்போனது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அவனுக்கு மருந்து ஊர்க்காரர்களின் ரத்தத்திலிருந்துதான் வந்தது. இங்கே எடுக்கும் ரத்தத்தின் தெளிந்த பகுதியை வெளியூர் ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே ஆயிரக்கணக்கான பேருடையதை ஒரே அண்டாவில் ஒன்றாகக் கொட்டி, வடித்து, உலர்த்தி, வெள்ளைப் பொடியாகக் குப்பியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அதைக் கரைத்து ஊசி வழியாக ஏற்றிக்கொண்டால் கசிவு நிற்கும்.

யார் ரத்தம் யாருக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் நன்றி என்று ஒன்றைக் காதால் கேட்க வேண்டும் என்று சங்கத்துக்கு ஆசை. ஆகவே ஃபிர்மினைச் சின்னப் பையனாக இருந்தபோதே மேடையில் ஏற்றிவிட்டார்கள். "உங்கள் எல்லோருடைய ரத்தமும் என் உடம்பில் ஓடுகிறது" என்று அவன் மழலையில் சொன்னபோது மண்டபமே மூக்கைச் சிந்தியதாம். அதன் பிறகு விடுவார்களா. மீசை முளைத்து, கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேசை மேசையாகப் போய், பதக்கம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பான். நல்ல பிள்ளை. நன்றி சொல்லவென்றே வளர்த்த பிள்ளை.

நான் ஒதில், அவன் அக்கா. துணை ஆட்சியர் அலுவலகத்தில் செயலாளர் வேலை. அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் அலுவலகத்தைக் காட்ட மாட்டேன். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் உணவகத்தைத்தான் காட்டுவேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் சுகாதார அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது புதுசு. அது ரத்தத்தின் வழியாகவும் பரவலாம் என்று சந்தேகம் இருக்கிறது, ஆகையால் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் சில கேள்விகள் கேட்டு, ஆபத்துள்ளவர்களைத் தவிர்த்துவிடுங்கள் என்று சொன்னார்கள். ஆண்களோடு உறவு உண்டா, போதை ஊசி போட்டுக்கொள்வதுண்டா, நோய் கண்ட நாடுகளுக்குப் போய் வந்ததுண்டா. அவ்வளவுதான் கேள்வி. கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா?

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றிப் பேச எங்கள் துணை ஆட்சியர் லாபோர்த் அந்த உணவகத்தில் ஒரு மத்தியான விருந்தே வைத்தார். கூப்பிட்டது இரண்டு பேரை. ஒருவர் டாக்டர் வோக்லன். ஊர் ரத்த மையத்தின் தலைவரும் அவர்தான், என் தம்பிக்கு வைத்தியரும் அவர்தான். இன்னொருவர் சங்கத் தலைவர் தீஸாந்தியே. தபால் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் இடம் இருக்கும்வரை பதக்கம் குத்திக்கொள்கிறவர். நான் குறிப்பெடுக்கப் போனேன். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

மஞ்சள் ஒயினில் வெந்த கோழி வந்தபோது லாபோர்த் சுற்றறிக்கையைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, அந்தத் தாளில் தானே ஏதோ அசிங்கம் பண்ணிவிட்டவர் போல் அதைத் தட்டுக்கு அடியில் தள்ளினார்.

டாக்டருக்குச் சிரிப்பு. "மேயரோட மச்சான் வராரு, வருஷத்துல அஞ்சு தடவ கொடுக்கிறாரு. அவரை உக்கார வெச்சு, 'நீங்க ஆம்பளைங்களோட படுக்கறதுண்டா'ன்னு நான் கேக்கணுமா? அடுத்த வாரம் என் மையத்துல ஈ ஓட்ட வேண்டியதுதான்."

தீஸாந்தியே சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தார், எழுந்தே நின்றுவிட்டார். அமெரிக்காவில் குடிகாரனும் போக்கிரியும் காசுக்காக ரத்தத்தை விற்கிறான், அங்கே கேளுங்கள் இந்தக் கேள்வியை என்றார். நம் நாட்டில் ஒரு பைசா வாங்காமல் கொடுக்கிறான், மனசாரக் கொடுக்கிறான், அவனைப் பார்த்துக் கேட்பீர்களா என்றார். தானமாகக் கொடுத்த ரத்தத்தில் அழுக்கு எப்படி இருக்கும் என்பது அவருடைய வாதம். மனசு சுத்தமாக இருந்தால் கிருமி வெட்கப்பட்டு இறங்கிப் போய்விடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. இதை ஒரு டாக்டர் கேட்டுக்கொண்டு தலையாட்டினார். ஒரு துணை ஆட்சியர் கண் கலங்கினார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஊருக்கு வெளியே சிறைச்சாலையிலும் ரத்தம் எடுக்கிறீர்களே, அங்கேயாவது கேட்கலாமே என்று. அங்கே அடைபட்டிருக்கும் இளவட்டங்களில் எத்தனையோ பேர் போதை ஊசி விவகாரத்தில்தான் உள்ளே வந்தவர்கள். வண்டி போனால் வரிசையில் நின்று கொடுப்பார்கள். ஒரு கிளாஸ் ஒயின், கொஞ்ச நேரம் கொட்டடிக்கு வெளியே காற்று, யாருக்குத்தான் கசக்கும்?

"சமூகத்துக்குப் பட்ட கடனை அவங்க அப்படித் தீர்த்துக்கிறாங்க, ஒதில்," என்றார் லாபோர்த். "அந்த வாய்ப்பையும் நாம புடுங்கிக்கிறதா? நீங்க எழுதிக்கிட்டு வாங்க, போதும்."

எழுதினேன். பாலாடைக்கட்டித் தட்டு வரும்போது முடிவு வந்துவிட்டது. கேள்வி கேட்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு சுவரொட்டி. அதிலும் அசிங்கமான வார்த்தை எதுவும் வேண்டாம். மூன்று பெரிய மனிதர்களும் காப்பி ஆறுகிறவரை மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வாசகம் கண்டுபிடித்தார்கள்: "அன்புக் கொடையாளர்களே, நன்றி. உடல் நலமில்லை என்று தோன்றினால் அடுத்த முறை வாருங்கள்." சுற்றறிக்கை அமலாக்கப்பட்டது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டோம்.

அந்தச் சுவரொட்டியை எங்கே ஒட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்கும் அறைச் சுவரில் பதக்கக்காரர்களின் படங்கள் நிறைந்திருந்தன. இடமில்லை. ஆகவே ரத்தம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடும் அறையில், ஹாம் மேசைக்குப் பின்னால் ஒட்டினார்கள். கொடுத்து முடித்தவன் ரொட்டியை மென்றுகொண்டே, தான் கொடுத்திருக்கலாமா கூடாதா என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். சிறைச்சாலையில் அதுவும் ஒட்டவில்லை.

எண்பத்து ஐந்தாம் வருஷம் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் மிரேய், பக்கத்து ஊர் ரொட்டிக் கடைக்காரர் மகள். நோயைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தாள். செப்டம்பரில் கல்யாணம். அதற்குள் முழங்காலை அறுத்து நிமிர்த்திவிடலாம், கைத்தடி இல்லாமல் நடக்கலாம், ஏன் ஆடக்கூடச் செய்யலாம் என்று டாக்டர் வோக்லன் ஆசை காட்டினார். அறுவை சிகிச்சை ஜூனில். அதற்கு வாரக்கணக்கில் குப்பி குப்பியாகப் பொடி ஏற்ற வேண்டும். தம்பி சாதாரணமாக ஒரு வருஷத்தில் ஏற்றிக்கொள்வதை ஒரு மாதத்தில் ஏற்ற வேண்டியிருக்கும்.

அதற்குள் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவரத் தொடங்கியிருந்தது. இதே நோய் உள்ள தம்பியின் சிநேகிதன் ஒருவன் பாரிஸில் இருந்தான். பொடியைச் சூடுபடுத்தினால் கிருமி செத்துவிடுகிறது, வெளிநாட்டில் அப்படிச் சூடுபடுத்திய பொடியே கிடைக்கிறது, இங்கும் சில ஆஸ்பத்திரிகளில் வாங்குகிறார்கள் என்று அவன் போனில் சொன்னான். நான் நேராக டாக்டரிடம் போனேன். அந்தப் பொடியை வரவழைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடுங்கள் என்றேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கள் பாலாடைக்கட்டியைப் பச்சைப் பாலில்தான் செய்வோம். பாலைக் காய்ச்சினால் அதன் உயிர் போய்விடும், காய்ச்சிய பாலில் கட்டி செய்கிறவன் மனிதனே இல்லை என்பது இங்கே வேதவாக்கு. அந்தக் கிறுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை.

"நம்ம ஊர்ல பாலையே காய்ச்ச மாட்டோம், ரத்தத்தையா காய்ச்சறது?" என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சூடு பண்ணா பாதி சத்து போயிடும், ஒதில். அதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சது. அவன் ரத்தத்துக்கு அது தேவைதான். உங்க தம்பிக்கு ஏத்தறது நம்ம ஜனங்களோடது."

ஆயிரக்கணக்கான பேருடையதை ஒரே அண்டாவில் கொட்டுகிறார்களே, அதில் ஒருவனுக்கு இருந்தால் போதாதா என்று கேட்டேன். ஒருவனுக்கும் இல்லை என்றார். எப்படித் தெரியும், கேட்டீர்களா என்றேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் என்றார். படித்த மனிதர், சுவரில் இரண்டு பட்டம் மாட்டியிருந்தார்.

அன்று சாயங்காலம் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக் கடையை மூடிக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் கைத்தடியோடு நின்றால் என்ன, மிரேய் உன் காலையா கட்டிக்கொள்கிறாள் என்று கேட்டேன்.

"ஆடணும்னு ஆசையா இருக்குக்கா. ஒரே ஒரு பாட்டுக்கு," என்றான்.

"அடுத்த வருஷம் ஆடு. அவ எங்கயும் ஓடிட மாட்டா. காய்ச்சின பொடி வர்ற வரைக்கும் இரு. இருக்கேன்னு சொல்லு."

"டாக்டர் கோவிச்சுக்குவாரே."

"கோவிச்சுக்கட்டும். அவரா படுக்கப் போறாரு?"

சிரித்தான். கடைச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சரி, காத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். எனக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நிம்மதி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

அந்த நிம்மதி எத்தனை நாள் நிலைத்தது? பத்திரிகைச் செய்திகளைப் படித்துவிட்டு ஜனங்கள் ரத்தம் கொடுக்கவே பயந்தார்கள். ஊசி குத்தினால் நோய் வந்துவிடும் என்று ஒரு வதந்தி. மையத்தில் கூட்டம் குறைந்தது. மேலிடம் கேள்வி கேட்டது, எங்கள் துணை ஆட்சியர் விழித்துக்கொண்டார். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது தூங்கினவர், ரத்தம் குறைகிறது என்றதும் துள்ளி எழுந்தார்.

ஒரு நாள் லாபோர்த் என் மேசைக்கு வந்து, உங்கள் தம்பி எப்படி இருக்கிறார், முழங்கால் எப்படி இருக்கிறது, கல்யாணம் எப்போது என்று விசாரித்தார். பத்து வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன், என் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கேட்காதவர். பரவாயில்லை, இந்த மனிதனுக்கும் இதயம் இருக்கிறது என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதற்காகக் கேட்டார் என்பது ஜூன் விருந்தில்தான் தெரிந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே என் கால் நின்றுவிட்டது. மேடையின் மேல் பெரிய எழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தார்கள்: "ஃபிர்மினின் முழங்காலுக்காக." கீழே தம்பியின் சின்ன வயசுப் படம், கையில் குட்டிக் கைத்தடியோடு. விருந்துக்கு முந்தைய இரண்டு வாரமும் அந்தப் படத்தைக் காட்டித்தான் பக்கத்து ஊர்கள் வரை வண்டி அனுப்பி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மூச்சுவிடவில்லை. இன்ப அதிர்ச்சியாம்.

லாபோர்த் மேடையேறினார். வதந்திகளுக்கு மோர்வேல் மக்கள் பதில் சொல்லிவிட்டார்கள் என்றார். பயந்தவர்கள் கொடுக்காமல் போகலாம், ஆனால் நம் ஃபிர்மினுக்கு என்று கேட்டதும் ஊரே கையை நீட்டியது என்றார். அடுத்த வாரம் ஃபிர்மினுக்கு அறுவை சிகிச்சை, செப்டம்பரில் கல்யாணம், அடுத்த ஜூனில் இதே மண்டபத்தில் ஃபிர்மின் நடனமாடுவான், அதுதான் இந்தப் பயங்கொள்ளிகளுக்கு அரசாங்கத்தின் பதில் என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஊர்க்காரர்கள் இப்போது கொடுத்த ரத்தம் அறுவை சிகிச்சைக்குள் பொடியாகித் திரும்பி வரப்போவதில்லை, எப்போதோ அண்டாவில் கொட்டிக் காய வைத்ததுதான் வரும் என்பது டாக்டருக்குத் தெரியும். அவரும் கைதட்டினார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. எழுந்து நின்றேன். ஒலிபெருக்கி இல்லாமலே எனக்குக் குரல் உண்டு.

"டாக்டர், ஒரு விஷயம் சொல்லுங்க. இந்த ரத்தம் கொடுத்தவங்கள்ல ஒருத்தரையாவது அந்தக் கேள்விய கேட்டீங்களா? சிறைச்சாலையில கேட்டீங்களா?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டாள். டாக்டர் தட்டைப் பார்த்தார். தீஸாந்தியேதான் பதில் சொன்னார், அதுவும் அன்பாக. ஊர் ஜனங்கள் உன் தம்பிக்காகக் கையை நீட்டியிருக்கிறார்கள், இப்படியா பேசுவது என்றார். பிறகு ஹாம் மேசையைக் காட்டினார். விருந்துக்காக அந்தச் சுவரொட்டியை மையத்திலிருந்து கழற்றி எடுத்துவந்து அங்கேயும் மாட்டியிருந்தார்கள். எச்சரிக்கை எல்லாம் எழுதித்தானே வைத்திருக்கிறோம், படித்துக்கொள் என்றார்.

தம்பி மேடையில் நின்றுகொண்டிருந்தான். முகம் சிவந்து கிடந்தது. அவன் பார்த்தது என்னையல்ல, அந்த மேசைகளை. பால் பண்ணைக்காரர், அவனுக்கு முதல் வகுப்பில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர், மிரேயின் அப்பா. எல்லோர் முழங்கையிலும் ஒரு சின்னப் பிளாஸ்திரி. அதைப் பார்த்த பிறகு அவனால் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க முடியுமா? நன்றி சொல்வதைத் தவிர வேறு எதையும் அவனுக்கு அந்த மேடையில் சொல்லிக்கொடுக்கவில்லையே.

"அக்கா, உக்காரு," என்றான் ஒலிபெருக்கியில். பிறகு, "உங்கள் எல்லோருடைய ரத்தமும் என் உடம்பில் ஓடுகிறது. செப்டம்பரில் ஆடிக் காட்டுகிறேன்," என்றான்.

மேசை மேசையாக வந்து முத்தம் கொடுத்தான். என்னிடம் வந்தபோது காதில் கெஞ்சினான், இத்தனை பேர் முன்னால எப்படிக்கா மாட்டேன்னு சொல்றது என்று. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு கோபத்தையும் மேடையில் ஹாம் மென்றுகொண்டிருந்த அந்த மூன்று வாய்களுக்கு வைத்திருந்தேன், இன்றும் வைத்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை அற்புதமாக நடந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குப்பி குப்பியாகப் பொடி ஏறியது. தினமும் போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குப்பியும் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடுபடுத்தியதா என்று நர்ஸிடம் கேட்டால், அதெல்லாம் டாக்டரைக் கேளுங்கள் என்பாள். செப்டம்பரில் முழங்கால் நிமிர்ந்துவிட்டது. மிரேயைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு அல்ல, மூன்று பாட்டுக்கு ஆடினான். நானும் அழுதேன். லாபோர்த் பத்திரிகைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து படம் எடுக்க வைத்தார்.

அடுத்த மாதம், அக்டோபர் முதல் தேதியிலிருந்து, சூடுபடுத்தாத பொடிக்கு இனி அரசுக் காப்பீடு பணம் தராது என்ற உத்தரவு அமலுக்கு வந்தது. நன்றாகக் கவனியுங்கள். அது கெடுதல், தூக்கி எறியுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. இன்ன தேதிக்குப் பிறகு பணம் கிடையாது, அவ்வளவுதான். அந்தத் தேதி வரைக்கும் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். கையிருப்பு தீர வேண்டாமா? உணவகத்தில் பழைய குழம்பை மத்தியானத்துக்குள் தள்ளிவிடுவார்களே, அந்தக் கணக்கு. பச்சைப் பால் டாக்டர் ஒரே ராத்திரியில் காய்ச்சின பால் டாக்டர் ஆகிவிட்டார். இப்போதெல்லாம் சூடுபடுத்தியது மட்டும்தான் தருகிறோம், கவலைப்படாதீர்கள் என்று என்னிடமே சொன்னார்.

அடுத்த வசந்த காலத்தில் தம்பியை வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். பரிசோதனையில் தம்பிக்கு அந்தக் கிருமி இருப்பதாகத் தெரிந்திருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் சுகாதார அமைச்சகம் சில விவரங்கள் கேட்கிறது, கேட்டே ஆக வேண்டியிருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பிறகு கேட்டார்.

"ஆம்பளைங்களோட படுக்கறதுண்டா, ஃபிர்மின்?"

தம்பிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். இல்லை என்றான். போதை ஊசி போட்டுக்கொள்வதுண்டா என்றார். இல்லை. நோய் கண்ட நாடுகளுக்குப் போய் வந்ததுண்டா? இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே போனேன், டாக்டர் என்றான். கல்யாணத்துக்கு முன்னால் வேறு பெண்கள் உண்டா? யோசித்துப் பாருங்கள், அவசரமில்லை என்றார்.

அதே கேள்விகள். கோழி ஆறிப்போகும் என்று கேட்காமல் விட்ட அதே கேள்விகள். மேயரின் மச்சானிடம் கேட்க நாக்கு எழாத மனிதர், என் தம்பியிடம் தங்கு தடையில்லாமல், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார். கேட்டால் ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. எனக்கு அந்த மேசையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. இந்தக் கேள்வியை மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு ஆட்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்போது யாருக்குத் தெரியும் என்றார். உங்களுக்குத் தெரியும், நான் குறிப்பெடுத்தேன் என்றேன். அதற்கு அவர் ஜன்னலைப் பார்த்தார்.

கடைசியாக, மனைவியையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள் என்றார். அதுவரை ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த தம்பி அப்போதுதான் தலையைக் குனிந்தான். புதுசாக நிமிர்ந்த முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மிரேய்க்கு இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த ஒன்றுக்காக யாருக்காவது நன்றி சொல்ல நான் தயார், அது இவர்களில் யாரும் இல்லை. தம்பி அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தான். அவனை அடுத்த விருந்துக்கு யாரும் கூப்பிடவில்லை. முத்தம் கொடுப்பானோ என்று பயந்திருப்பார்கள்.

அன்று டாக்டர் எழுந்தார், நேரமாகிவிட்டது என்று அர்த்தம். தம்பியும் எழுந்தான், கைத்தடி இல்லாமல், நேராக. மேசைக்கு மேலே கையை நீட்டினான். "நன்றி, டாக்டர்," என்றான். டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து இழுப்பறையில் எதையோ தேடத் தொடங்கினார். தம்பி கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

வெளியே வந்தபிறகு என்னால் அடக்க முடியவில்லை. "எதுக்குடா அந்தாளுக்கு நன்றி சொன்ன?" என்று கேட்டேன்.

படியில் நின்று யோசித்தான். அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பழக்கம்க்கா," என்றான்.